ஜாக்ஸாவின் மழை வரைபடம்: வேதாரண்யம் உப்பளத்திலிருந்து ஒரு மதிப்பீடு

உப்பு போடுகிறவனுக்கு மழையைப் பற்றி இரண்டே கேள்வி. கடலில் இப்போது மழை எங்கே நிற்கிறது? அது இந்தப் பக்கம் வருமா? முதல் கேள்விக்குக் காசு கேட்காமல், கணக்குத் திறக்கச் சொல்லாமல், ஃபோனிலேயே பதில் தருகிற சேவை ஒன்றைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஜப்பானின் விண்வெளி நிறுவனமான ஜாக்ஸா நடத்தும் ‘ஜிஎஸ்மேப்’ மழை வரைபடம் அது. அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு பக்கம் அளம் வைத்திருப்பவர்களும் கோடியக்கரை மீனவர்களும் கடலோரத்தில் நெல் போடுகிறவர்களும் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும் என்பேன். ஆனால் எதற்கு அதை நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்று தெரிந்துகொண்டு திறக்க வேண்டும். அதற்காகத்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் மழை என்ன செய்யும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரியில் உள்ளே வருகிறது (இது வெப்பமல்ல, உப்புச் செறிவை அளக்கும் போமே டிகிரி). வெயிலிலும் காற்றிலும் ஒவ்வொரு பாத்தியாக நகர்ந்து, சுண்டிச் சுண்டி, 25 டிகிரியைத் தொட்டால்தான் உப்பு விளையும். அதுவரை ஏற்றிக் கொண்டுவந்த தண்ணீரை ஒரே ஒரு நல்ல மழை இறக்கிவிடும். வாரிக் கரையில் போட்ட உப்பும் கரைந்து ஓடும். மழை வருகிறது என்று முந்தின நாளே தெரிந்தால் விளைந்த வரைக்கும் வாரி, அம்பாரத்தைக் கீற்றாலோ தார்ப்பாயாலோ மூடிவிடலாம். வராத மழைக்குப் பயந்து அரைகுறையாக வாரினாலும் நஷ்டம், ஆள் கூலியும் தண்டம். அதனால் ‘கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்ற அறிவிப்போடு எங்களால் நின்றுவிட முடிவதில்லை. அந்த அறிவிப்பு சரிதான். ஆனால் அது மாவட்டத்துக்குச் சொன்னது. அந்த ஓரிரு இடத்தில் நம் அளம் உண்டா என்பது நம் கவலை.

இனி வரைபடத்துக்கு வருவோம். திறந்ததும் உலகப் படம் வரும். அதில் வங்காள விரிகுடாவை விரலால் இழுத்துப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். மழை பெய்யும் இடம் வண்ணத்தில் தெரியும், மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கில். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மணிக்கு ஒரு படம் வீதம் ஏறத்தாழ நாலு மணி நேரத் தாமதத்தில் வருவது. மற்றது ‘நவ்’ என்று பெயர் கொண்டது, அரை மணிக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவது. 2015 நவம்பரில் ஜப்பானின் ஹிமவாரி செயற்கைக்கோள் பார்க்கும் பகுதிக்கு மட்டும் தொடங்கி, பின்னால் மற்ற பகுதிகளுக்கும் விரித்தார்கள். அவசரத்துக்கு ‘நவ்’. நிதானமாக யோசிக்க மணிக்கணக்குப் படம். நான் இரண்டையும் பார்ப்பேன், ஏனென்றால் ‘நவ்’ படத்துக்குக் கிடைக்கும் தகவல் குறைவு. கைக்கு வந்ததை வைத்து, மேகம் போகும் திசையில் மழையை அரை மணி நேரத்துக்கு முன்னால் நகர்த்தித் தருகிறார்கள். தாமதமாக வரும் படத்தில் கூடுதலாகச் சில செயற்கைக்கோள்களின் பார்வை சேர்ந்திருக்கும்.

‘காரைக்கால் ரேடார் இருக்கிறதே, இது எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வேதாரண்யத்துக்கு வடக்கே 60 கிலோமீட்டரில் ரேடார் இருப்பது எங்களுக்கு வரம். சித்திரை, வைகாசியில் மேற்கே தஞ்சாவூர் பக்கம் திரண்டு சாயங்காலத்தில் வரும் இடிமழைக்கு ரேடாரை விட்டால் வேறு கதியில்லை. ஒரு மணி நேரத்தில் பிறந்து கொட்டிவிட்டு அழிகிற மழையை அரை மணிக்கொரு படம் எப்படிப் பிடிக்கும்? ஆனால் ரேடார் கற்றை நேராகப் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் கற்றை 250 கிலோமீட்டர் தாண்டும்போது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே பெய்யும் மழை அதன் கண்ணில் படாது. திருகோணமலைக்குக் கிழக்கே, அந்தமான் வரைக்கும் பரந்து கிடக்கும் கடலில் ரேடாரும் இல்லை, மழைமானி வைக்க மண்ணும் இல்லை. தை, மாசியில் எங்களைக் கெடுக்கும் மழை அங்கிருந்துதான் வருகிறது.

அந்த இருட்டில் செயற்கைக்கோள் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இந்த வரைபடத்தின் மேல் மதிப்பு வந்தது. டிவியில் காட்டும் மேகப் படம் பெரும்பாலும் அகச்சிவப்புப் படம். மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ச்சி என்பதைத்தான் அது சொல்லும். புகையைப் பார்த்து அடுப்பில் என்ன வேகிறது என்று ஊகிப்பது போன்ற வேலை அது. நுண்ணலைக் (மைக்ரோவேவ்) கருவி அப்படியல்ல. நுண்ணலையில் பார்த்தால் கடல் ‘குளிர்ச்சியாக’த் தெரியும், அதன் மேல் விழும் மழைத்துளிகள் ‘சூடாக’த் தெரியும். மேகத்தைத் துளைத்து மழையையே பார்க்கிறது என்று சொல்லலாம். நிலத்தில் இந்த வசதி கிடையாது, ஏனென்றால் நிலமே சூடாகத் தெரியும். அங்கே மேகத்துக்குள் இருக்கும் பனிக்கட்டித் துகள்கள் அலையைச் சிதறடிப்பதை வைத்துத்தான் கணக்குப் போட முடியும். ஆக, செயற்கைக்கோள் மழைக்கணக்கு நிலத்தைவிடக் கடலில் தெளிவு. கடலைப் பார்த்துப் பிழைப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

மழை அளக்கும் இந்தச் செயற்கைக்கோள் குடும்பத்தில் மூத்தது டிஆர்எம்எம். நாசாவும் ஜப்பானும் சேர்ந்து 1997 நவம்பரில் ஏவியது. மழை ரேடாரை விண்வெளிக்குக் கொண்டுபோன முதல் செயற்கைக்கோள். 2015 வரை உழைத்தது. அதன் வாரிசுதான் ஜிபிஎம், 2014 பிப்ரவரியில் தனேகஷிமாவிலிருந்து கிளம்பியது. முதலில் 407 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது, 2023 நவம்பரில் ஏறத்தாழ 435 கிலோமீட்டருக்கு உயர்த்தினார்கள். அங்கிருந்து இரண்டு அலைவரிசையில் மழையை அடுக்கடுக்காக அளக்கிறது. ஒரு தடவை கடக்கும்போது அதன் ரேடார் பார்க்கும் பட்டையின் அகலம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர்தான், அதனால் ஒரே இடத்துக்கு அடிக்கடி வர முடியாது. வேறு நாடுகளின் நுண்ணலைச் செயற்கைக்கோள்களை எல்லாம் இதை அளவுகோலாக வைத்துச் சரிசெய்து சேர்க்கிறார்கள். ஒரு செயற்கைக்கோள் கடந்துபோய் அடுத்தது வரும் வரை உள்ள இடைவெளியில், மேகம் நகரும் திசையையும் வேகத்தையும் பார்த்து மழையை நகர்த்திக் காட்டுகிறார்கள். ஆகவே படத்தில் தெரியும் ஒவ்வொரு மணியும் நேரடியாக அளந்தது அல்ல. சில மணிகள் அளந்தவை, சில நகர்த்தியவை. வண்ணத் திட்டு அதே உருவத்தில் சும்மா வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தால், அடுத்த படத்துக்குப் பொறுத்திருப்பேன்.

2023 பிப்ரவரி முதல் வாரத்தை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்தது. அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் தண்ணீரில் சாய்ந்தன. எங்கள் அளத்தில் அப்போது புது பாத்திகளை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தோம். போன வருடத்து அம்பாரம் ஒன்று விற்காமல் கரையில் நின்றது. வானிலை மையம் எச்சரிக்கை கொடுத்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்குப் படத்தைப் பார்த்தேன். திருகோணமலைக்குக் கிழக்கே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டு. அதன் வடமேற்கு ஓரத்தில் நீலம் மெல்ல மெல்ல நீண்டு எங்கள் பக்கம் வந்தது. வெளியே வந்து பார்த்தால் கோடியக்கரைப் பக்கம் வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. வேலைக்கு வரும் அக்கா ஃபோன் செய்து, “தம்பி, நாளைக்கு மிதிக்க வரவா, வேணாமா?” என்றார். “வாங்கக்கா. மிதிக்க வேணாம், அம்பாரத்தை மூடிருவோம்” என்றேன். விடியற்காலையில் கீற்றை இறக்கி, அதற்கு மேல் தார்ப்பாய் போட்டு, ஓரங்களில் மண்ணை அணைத்து முடித்தோம். மழை பெய்தது. மிதித்த பாத்தி போனது போனதுதான், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. உப்பு நின்றது.

வரைபடம் மட்டுமே உப்பைக் காப்பாற்றியது என்று சொல்லமாட்டேன். எச்சரிக்கை ‘வரும்’ என்றது, வரைபடம் ‘இதோ வந்துகொண்டிருக்கிறது’ என்றது. இரண்டும் சேர்ந்தால்தான் ஆளைக் கூப்பிடும் துணிச்சல் வருகிறது.

எங்கே நம்பக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த வரைபடத்தின் ஒரு கட்டம் 0.1 டிகிரி, அதாவது ஏறத்தாழ 11 கிலோமீட்டர் சதுரம். அதற்குள் அகஸ்தியம்பள்ளியும் அடங்கும், கொஞ்சம் காடும் அடங்கும், கடலும் அடங்கும். எங்கள் ஊர் இருப்பதோ கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை என்று இரண்டு பக்கமும் கடல் சூழ்ந்த மூலையில். ஒரே கட்டத்தில் நிலமும் கடலும் கலந்தால், நுண்ணலைக் கணக்கு எந்த முறையைப் பிடிப்பது என்று தடுமாறும். கரையோரக் கட்டங்கள் எல்லாச் செயற்கைக்கோள் மழைக்கணக்குக்கும் கடினமானவை. அதனால் என் அளத்தின் மேல் வண்ணம் இருக்கிறதா என்று நான் பார்ப்பதே இல்லை. 50, 100 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் என்ன நடக்கிறது, அது எந்தப் பக்கம் நகர்கிறது, இதுதான் என் பார்வை.

அளவையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அது ஒரு மழைமானி நின்ற இடத்தின் கணக்கு. நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள ஒரு கட்டத்தின் சராசரியில் அந்த எண்ணைத் தேடுவது வீண். அதோடு, உயரம் குறைந்த மேகத்திலிருந்து கொட்டும் மழையில் பனிக்கட்டித் துகள் குறைவு, மேக உச்சியின் குளிர்ச்சியும் குறைவு. மேலிருந்து பார்க்கும் கருவி அதைக் குறைத்தே மதிப்பிடும். மலைச்சரிவில் இது இன்னும் அதிகம். மலைக்கென்று தனித் திருத்தம் சேர்த்திருக்கிறார்கள். ஆனாலும் மாஞ்சோலை, வால்பாறைப் பக்கத்து நண்பர்கள் இந்தப் படத்தை வைத்து எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ண வேண்டாம். என் அளத்தின் மழைக்கு என் வரப்பில் நட்டிருக்கும் பிளாஸ்டிக் மழைமானிதான் சாட்சி.

நேரக் குழப்பம் ஒன்றும் உண்டு. செயற்கைக்கோள் உலகம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் நடக்கிறது. அதோடு ஐந்தரை மணியைக் கூட்டினால் நம் நேரம். நம் வானிலைத் துறை காலை 8:30 முதல் மறுநாள் 8:30 வரை உள்ள மழையை ஒரு நாள் கணக்காக எழுதும். யூடிசியில் அது அதிகாலை 3 முதல் மறுநாள் 3 வரை. யூடிசி நாளின் மொத்தத்தை எடுத்துப் பேப்பரில் வந்த எண்ணோடு ஒப்பிட்டால் ஒட்டாது. மணிக்கணக்குப் படங்களை யூடிசி 3 மணியிலிருந்து கூட்டினால்தான் ஒப்பிடவே முடியும்.

இனி இரண்டாவது கேள்வி: வருமா? இங்கேதான் இந்த வரைபடத்தின் பெரிய பயன் இருக்கிறது. அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் பலருக்கும் தெரியாது. இந்த மழைக்கணக்கு நாம் பார்க்கும் படத்தோடு முடிந்துவிடுவதில்லை, வானிலைக் கணினிகளுக்குள்ளும் போகிறது.

முன்னறிவிப்பு என்பது இந்த நிமிடத்துக் காற்று, ஈரம், வெப்பம், அழுத்தத்தை எழுதிவிட்டு, அங்கிருந்து கணினியை ஓட்டுவது. தொடக்கத்தில் கடலின் மேல் ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருக்கும் மழை கணினிக்குத் தெரியாவிட்டால், அதுவாக ஈரத்தைத் திரட்டி மழையை உண்டாக்கச் சில மணி நேரம் பிடிக்கும். வெப்பமண்டலத்தில் இது சின்ன விஷயமில்லை. நீராவி துளியாகும்போது வெப்பத்தை விடுகிறது. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு கோடி லிட்டர் தண்ணீர். அது வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ 70 லட்சம் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அந்த வெப்பம்தான் காற்றை மேலே இழுக்கிறது, தாழ்வு மண்டலத்தை வளர்க்கிறது. மழை இருக்கும் இடத்தைத் தவறவிட்ட கணினி காற்றையும் தவறவிடும்.

இதைச் சரிசெய்ய வழி காட்டியவர்களில் முக்கியமானவர் 1932-ல் சென்னையில் பிறந்த டி.என். கிருஷ்ணமூர்த்தி. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, 1991-ல் தன் குழுவோடு ஒரு முறையை வெளியிட்டார். செயற்கைக்கோள் காட்டும் மழை கணினியிலும் முதல் நிமிடத்திலிருந்தே பெய்யும்படி, தொடக்க ஈரத்தைத் திருத்தி அமைப்பது அந்த முறை. வெப்பமண்டல முன்னறிவிப்பின் முதல் நாளுக்கு அது பெரிய பலம் சேர்த்தது. நம் ஊரில் பிறந்தவர் செய்த வேலை என்று எங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இது வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

அதற்கப்புறம் வழிகள் பெருகிவிட்டன. மழைக்கணக்கை அப்படியே ஊட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. கணினி ஓர் இடத்தில் மழையே இல்லை என்று வைத்திருந்தால், ‘அங்கே 5 மில்லிமீட்டர்’ என்று நாம் சொல்வதை எந்த ஈரத்தோடு, எந்தக் காற்றோடு முடிச்சுப் போடுவது என்று அதற்குத் தெரியாது. அதனால் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு வானிலை முன்னறிவிப்பு மையம் மழை அளவாக மாற்றாமல், மேகமும் மழையும் கலந்த நுண்ணலைப் பதிவையே 2009 முதல் நேராக உள்ளே எடுக்கிறது. ஜப்பான் வானிலை முகமை 2016 மார்ச்சில் ஜிபிஎம் ரேடார் தரவைத் தன் முன்னறிவிப்பில் சேர்த்தது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் தகேமாசா மியோஷியின் குழு, இந்த ஜிஎஸ்மேப் மழைக்கணக்கையே கணித முறையில் உருமாற்றி உலகக் கணினி மாதிரிக்குள் ஊட்டியது. அந்த வேலையின் தொடர்ச்சியாக ஜாக்ஸாவும் ரிக்கெனும் 2020 ஆகஸ்டில் ஐந்து நாள் முன்கூட்டிய மழைப் படத்தை வெளியிடத் தொடங்கின. முதல் சில மணிகளுக்கு இருக்கும் மழையை நகர்த்திக் காட்டுவது, அதற்கப்புறம் கணினி மாதிரியைக் கையில் எடுப்பது, இரண்டையும் கலந்து தருவது, இதுதான் அதன் உத்தி. அது ஆராய்ச்சிப் படம், எச்சரிக்கை அல்ல. நான் அதன் முதல் அரை நாளை ஆர்வமாகப் பார்ப்பேன். மூன்றாம் நாளுக்கு மேல் திசையை மட்டும் மனதில் வைத்துக்கொள்வேன்.

நம் நாட்டின் பங்கும் இதில் இருக்கிறது. இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து 2011 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய மேகா-டிராபிக்ஸ், வெப்பமண்டலத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் மழைக் கருவி 2013 தொடக்கத்தில் நின்றுபோனாலும், ஈரப்பதக் கருவியான சாஃபிர் வருடக்கணக்கில் வேலை செய்தது. அதன் தரவை நொய்டாவில் உள்ள நம் முன்னறிவிப்பு மையமும் ஐரோப்பிய மையமும் முன்னறிவிப்பில் எடுத்துக்கொண்டன. 2023 மார்ச்சில் அதைப் பத்திரமாகக் கீழே இறக்கி, பசிபிக் கடலுக்கு மேலே எரிந்து அழியவிட்டார்கள். அந்த மாதிரி ஒன்று நமக்கென்று மறுபடி மேலே போக வேண்டும். நம் இன்சாட் செயற்கைக்கோள் வரிசை அரை மணிக்கொரு முறை மேகத்தைக் காட்டுகிறது, மிகவும் பயன்படுகிறது. ஆனால் நுண்ணலைக் கண்ணுக்கு அது ஈடாகாது.

நாசாவின் மழைக்கணக்கான ‘ஐமெர்க்’ பற்றிக் கேட்பார்கள். அதுவும் இலவசம், அதே 0.1 டிகிரி, அரை மணிக் கணக்கு. முதல் பதிப்பு ஏறத்தாழ நாலு மணி நேரத்தில் வரும். மழைமானிகளோடு ஒப்பிட்டுத் திருத்திய இறுதிப் பதிப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பத்து, இருபது வருடத்து மழையை ஆராய்கிறவர்களுக்கு அதுதான் சரி. இன்றைக்கு வாரலாமா, நாளைக்கு வாரலாமா என்று கேட்கிறவனுக்கு ஜாக்ஸாவின் ‘நவ்’ படம்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்றைக் குறைப்பது கரையோரக் கட்டத்துக்காகவும், படத்தில் தமிழ் இல்லாததற்காகவும். இறால் பண்ணைக்காரர்கள், படகு வைத்திருப்பவர்கள், தை மாசியில் கதிரறுக்கும் டெல்டா விவசாயிகள் ஆகியோருக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். சாயங்கால இடிமழைக்கு மட்டும் பயப்படுபவர்களுக்கு ரேடாரும் வானிலைத் துறையின் மூன்று மணி நேர அறிவிப்பும் போதும்.

புதிதாகத் திறப்பவர்கள் புயல் நாளன்று முதன்முதலில் திறக்காதீர்கள். புரட்டாசியிலேயே தினமும் ஒரு தடவை பார்த்துப் பழகுங்கள். பழைய நாள்களுக்குப் போய் 2018 நவம்பர் 15, 16-ஐ ஓட்டிப் பாருங்கள். கஜா புயல் எங்கள் பாத்திகளைக் கடல் சேற்றால் மூடிய இரவு அது. எந்த மணியில் எந்த வண்ணம் எங்கே நின்றது என்று உங்கள் நினைவோடு ஒப்பிட்டால் படம் பேசுவது புரிய ஆரம்பிக்கும். அந்த ஐந்தரை மணியைக் கூட்ட மறக்காதீர்கள்.